பௌவம் பாவமான கதை

பெயரில்லாமல் ஒரு பொருள் சும்மா கிடப்பதைச் சிலரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. கண்டுவிட்டால் அவர்களுக்கு நாக்கு துடிக்கும், சாப்பாடு இறங்காது. பிறக்கப்போகிற குழந்தை, பூச்சு முடியாத கட்டடம், ஷட்டர் தூக்காத கடை, நேற்று வாங்கிய கார், மழைக்கு ஒதுங்கிய நாய்க்குட்டி, எதுவும் இவர்களிடமிருந்து தப்பாது. இந்த இனத்தைப் பெயர்சூட்டிகள் என்று அழைக்கலாம் என்பது என் யோசனை.

சென்னையில் இவர்கள் பரவலாக உண்டு என்றாலும் மயிலாப்பூரில் நெருக்கம் அதிகம். தி.நகரில் கடை திறக்கிறவர் அப்பா பெயரைப் பெரிதாக எழுதிப் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறார். அடையாறில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் வைத்துவிடுகிறார்கள். மயிலாப்பூரில்தான் நீங்கள் ஒரு சுவர் எழுப்புவதற்குள் நாலு பேர் வந்து நின்று, "பேர் என்ன வெச்சிருக்கேள்?" என்று கேட்பார்கள்.

நீங்கள் என்ன பதில் சொன்னாலும் பெயர்சூட்டி உடனே குறை சொல்லமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் சொன்ன பெயரை வாய்க்குள் போட்டு, புளிப்பு மிட்டாய் மாதிரி ஒரு சுற்று உருட்டிப் பார்ப்பார். "நன்னாருக்கு" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு 'நன்னாருக்கு'வில் உங்களுக்கு உங்கள் குழந்தையின் பெயர் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பிறகு என்ன? நீங்களே கேட்பீர்கள்: "வேற ஏதாவது தோணறதா, சார்?" தோன்றாமல் இருக்குமா?

எங்கள் மாடிவீட்டு ஸ்ரீரங்கன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விளம்பரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் 'சௌகந்திகம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எல்லாம் கீழே நின்று, "சுகந்தி மேடம் வீடுங்களா?" என்று போன் செய்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் சுகந்தி என்று யாரும் கிடையாது. வாசலில் படுத்திருக்கிற நாய்க்குப் 'பார்க்கவன்' என்று வைத்தார். ஜிம்மி என்று கூப்பிட்டால் வரும்.

இப்படிக் கட்டடம், நாய் என்று தரையில் போய்க்கொண்டிருந்த மனிதர் கடலுக்குப் போனதைத்தான் சொல்ல வந்தேன்.

அவருடைய ஒரே மகள் நீரஜா, ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அடையாறில் ஆபீஸ். அவர்களுக்கு ஒரு பழைய உல்லாசக் கப்பல் வந்து சேர்ந்தது. அதைப் புதுப்பித்துக் கொடுக்கவேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் கப்பல். நீரஜா தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது. அவளுடைய மேலாளர் பரத்வாஜ், "இது மட்டும் க்ளிக் ஆச்சுன்னா அடுத்த கப்பலும் நமக்குத்தான், நீரஜா. ஆகலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வேற வேலை தேடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தானாம். மேலாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் நாம் பயந்துகொண்டே கேட்கவேண்டும்.

சுவர், விளக்கு, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் முடிந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. அதை நீரஜா வீட்டில் ரசம் சாதம் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுடுத்தும்மா. உள்ளே இருக்கற இடத்துக்கெல்லாம் பேர் வெக்கறதுதான் பாக்கி."

அவள் அம்மா சந்திரிகா மாமி ரசக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி மகளைப் பார்த்தார். 'ஏண்டி வாயைத் திறந்தாய்?' என்று அந்தப் பார்வைக்குப் பொருள். நேரம் கடந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கன் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

கப்பலுக்குள் இருக்கிற இடங்களுக்கு எப்படிப் பெயர் வருகிறது என்று நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். நானும்தான். உல்லாசக் கப்பல் என்பது மிதக்கிற ஒரு கடைத்தெரு. சாப்பாட்டுக் கூடம், மதுக்கூடம், பியானோ வைத்த பெரிய ஹால், காபிக் கடை, நீச்சல் குளம், எல்லாவற்றுக்கும் போர்டு வேண்டும். நீரஜா சொன்னபடி, முதலில் எங்கிருந்தோ ஓர் ஆலோசகர் வந்து அஸ்யூர், ஹொரைஸன், செரினிட்டி என்று சோப்புக் கட்டிப் பெயர்களாக அடுக்கினார். பிறகு வக்கீல் வந்தார். இந்தப் பெயர் அந்தக் கப்பலில் இருக்கிறது, அந்தப் பெயரை இந்தக் கம்பெனி பதிவுசெய்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். மிஞ்சியவற்றை இன்னொருவர் எடுத்து, எந்த நாட்டிலாவது கெட்ட அர்த்தம் வருகிறதா என்று சலித்தார். அதிலும் தப்பிய ஒரே பெயரைப் போர்டு செய்கிறவர் பார்த்துவிட்டு, இவ்வளவு எழுத்து அந்தச் சுவரில் பிடிக்காது என்றார். ஆகக் கப்பல் தயார், போர்டுகள் காலி.

ஸ்ரீரங்கன் கண்ணைத் திறந்தார். "கடலுக்குத் தமிழ்ல எத்தனை பேர் இருக்குன்னு தெரியுமோடி நோக்கு? ஆழி, பௌவம், முந்நீர், வேலை, உவரி... ஒவ்வொண்ணும் சின்னப் பேர். சுவத்துல தாராளமாப் பிடிக்கும்."

"அப்பா, வேலைன்னா எல்லாருக்கும் வேலைதான்."

"வேலைன்னா கடல்டி. பழைய தமிழ். தெரியாதவா தெரிஞ்சுக்கட்டுமே!"

"பௌவம்னு இதுவரைக்கும் யாரும் ஒரு கடைக்குக்கூடப் பேர் வெக்கலை" என்றார் மாமி. "ஏன் வெக்கலைன்னு யோசிச்சேளா?"

பெயர்சூட்டிகள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

நீரஜா வேறு வழியில்லாமல் மறுநாள் அந்தப் பெயர்களை ஆபீஸில் பட்டும் படாமலும் சொல்லிவைத்தாள், பரத்வாஜ் நிராகரித்துவிடுவான் என்ற தைரியத்தில். ஆனால் பரத்வாஜ் படித்து வளர்ந்ததெல்லாம் புணேயில். தமிழ் அவனுக்கு ஆட்டோக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். அவன் நேரே ஸ்ரீரங்கனுக்கே போன் செய்தான்.

"அங்கிள், சூப்பர் அங்கிள்! லீகல்ல கேட்டுட்டேன். உலகத்துல ஒருத்தன்கூட பௌவம்னு ரிஜிஸ்டர் பண்ணலை! வேலாய்... வாவ், என்ன சவுண்டு! எல்லாமே க்ளியர்."

அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு ஆபீஸ் நேரத்தில் ஆபீஸ் விஷயமாக அவருக்கு வந்த முதல் போன் அது. அதை எனக்கு முழுதாக ஒரு தடவை சொன்னார். காபி குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான், நீரஜாவும் அதற்குப் பிறகு எதுவும் சொல்லாமல் போர்டுகளைச் செய்யச் சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

முதல் பயணத்துக்கு நீரஜாவுக்குச் சில இலவச அனுமதிகள் கிடைத்தன. அவள் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நான் போனேன்.

கப்பலில் ஏறியதும் ஸ்ரீரங்கன் கடலைப் பார்க்கவில்லை. போர்டுகளைப் பார்த்தார். பித்தளையில் பெரிய ஆங்கில எழுத்து, அதன் கீழே குனிந்து பார்த்தால் தெரிகிற அளவுக்குத் தமிழ். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று மாமியைப் போட்டோ எடுக்கச் சொன்னார். காபிக் கடைக்கு 'உவரி' என்று வைத்திருந்தார். "உவர்னா உப்புன்னா? காபிக் கடைக்கா?" என்று மாமி கேட்டதற்கு, "கடல்னாலே உப்புதானே?" என்று பதில் வந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் 'பௌவம்', மதுக்கூடத்துக்கு 'முந்நீர்', பியானோ ஹாலுக்கு 'வேலை', நீச்சல் குளத்துக்கு 'ஆழி'. இறங்கி நின்றால் எனக்கு மார்பு வரைதான் தண்ணீர்.

பயணிகளில் ராயப்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் செம்பியன் என்பவர் இருந்தார். கல்யாண நாளுக்கு மனைவி ரத்னாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நல்ல உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஒரு வெளிநாட்டுப் பெண் குரல், போர்டில் இருந்த ஆங்கில எழுத்துகளைத் தனக்குத் தெரிந்தபடி கூட்டி, இரவுச் சாப்பாடு 'பாவத்தில்' தயாராக இருக்கிறது என்று இனிமையாக அறிவித்தது.

"இன்னாது?" என்றார் செம்பியன். "சோறு துன்றது பாவமா? டிக்கெட் குடுக்கசொல்ல இத்த ஒருத்தனும் சொல்லலையே!"

தளம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவரை ஒருவர் "பாவம் பண்ணிட்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். "ரெண்டு தடவை பண்ணிட்டேன், ஐஸ்க்ரீம் நல்லாருக்கு" என்று பதில் சொன்னார்கள். கல்லூரிப் பிள்ளைகள் போர்டின் கீழே கைகூப்பி நின்று வீடியோ எடுத்தார்கள். காலையில் செம்பியன் பியானோ ஹாலுக்குக் கிளம்பும்போது, "ரத்னா, நா வேலைக்குப் போய்க்கினு கீறேன்" என்று கத்த, "போய்யா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் ஒழுங்கா போற" என்று அந்த அம்மாள் அறைக்குள்ளிருந்து பதில் கொடுத்தார்.

ஸ்ரீரங்கனுக்குப் பொறுக்கவில்லை. மதுக்கூடத்து வாசலில் செம்பியனை மடக்கினார். "சார், சிரிக்கப்படாது. முந்நீர்னா ஆத்துத் தண்ணி, ஊத்துத் தண்ணி, மழைத் தண்ணி, மூணும் சேர்ந்தது. அதான் கடல்."

"கரீட்டு சார்" என்றார் செம்பியன் மிகுந்த மரியாதையோடு. "தண்ணி, சோடா, சரக்கு. மூணும் சேந்தாத்தான் முந்நீர். பேர் வெச்சவன் குடிச்சுப் பாத்தவன் சார்!"

காபி தவிர வேறொன்றும் குடித்தறியாத அந்த மனிதர் நேரே வந்து ஐந்தாம் தளத்தில் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பியானோ ஹால், அதாவது 'வேலை'. நாங்களும் போய் உட்கார்ந்தோம். அன்று கடல் கொஞ்சம் ஆட்டமாக இருந்தது. சந்திரிகா மாமி சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டவர், குமட்டலில் காலைப் பலகாரத்தைத் தொடவில்லை. "சிரிச்சுட்டுப் போறா, விடுங்கோன்னா" என்று கணவரின் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தட்டிய கை பாதியில் நின்றது. நெற்றியெல்லாம் வேர்த்தது. அப்படியே சோபாவிலிருந்து சரிந்து கீழே விழுந்துவிட்டார்.

நான் தண்ணீருக்கு ஓடினேன். நீரஜா சுவரில் இருந்த கப்பல் போனை எடுத்து மருத்துவ அறையைக் கூப்பிட்டாள். எடுத்தவர் இஃப்ரா என்ற நர்ஸ். ஆதம்பாக்கத்துப் பெண் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நீரஜாவின் பதற்றத்தில் தமிழ் எட்டிப்பார்க்கவே, அந்தப் பெண்ணும் தமிழிலேயே பேசினாள்.

"பதறாதீங்க. என்ன ஆச்சு?"

"மயங்கி விழுந்துட்டாங்க! சீக்கிரம் வாங்கோ!"

"எங்க விழுந்தாங்க?"

"வேலைல! வேலைல விழுந்துட்டாங்க!"

"ஐயோ. இதோ ஆள் அனுப்பறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் காத்திருந்தோம். மாமியின் கன்னத்தைத் தட்டினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வேலை செய்துகொண்டிருந்த சிப்பந்தி யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று எண்ணி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் கப்பலின் அடித்தட்டுக்கு ஓடியிருந்தார்கள். சமையற்கட்டில் போய், "யாருக்கு மயக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நலமாக இருந்திருக்கிறார்கள். அங்கிருந்து துணி துவைக்கிற இடம். அங்கேயும் எல்லோரும் நலம்.

இங்கே நீரஜா அழ ஆரம்பித்துவிட்டாள். ஸ்ரீரங்கன் மனைவியின் தலையை மெதுவாக என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தார். போனை எடுத்தார்.

"அம்மா, நான் பயணி பேசறேன். என் ஆத்துக்காரிக்கு மயக்கம். நாங்க இருக்கறது..."

நின்றார். எதிர்ச் சுவரில் அவர் வைத்த பெயர் பித்தளையில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன்.

"பியானோ" என்றார். "பியானோ இருக்கற ஹால். அஞ்சாவது மாடி. கப்பலோட பின்பக்கம். பியானோ இருக்கற ஹால்மா!"

அவர் போனை வைத்துவிட்டு வந்து மண்டியிட்டு உட்காருவதற்குள் கதவு திறந்தது. இஃப்ராவே ஓடிவந்தாள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. நாக்கில் குளுக்கோஸ் தடவி, கீழே கொண்டுபோய் ஊசி போட்டு, சற்று நேரத்தில் மாமி கண் விழித்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டார். அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவர் ஸ்ரீரங்கன்தான்.

"முதல்லயே பியானோ ஹால்னு சொல்லியிருந்தா உடனே வந்திருப்பேங்க" என்றாள் இஃப்ரா. "வேலைன்னதும் எங்க ஸ்டாஃப்னு நெனச்சிட்டேன். அந்த ஹாலுக்கு அப்படி யாரு பேர் வெச்சாங்களோ!"

"நான்தாம்மா வெச்சேன்" என்றார் ஸ்ரீரங்கன்.

அந்தப் பெண் திகைத்து அவரைப் பார்த்தாள். பிறகு, வளர்ப்பு அப்படி, "நல்லாருக்கு சார்" என்றாள். வாழ்நாள் முழுக்க எத்தனை பேருக்கு அவர் கொடுத்த 'நன்னாருக்கு'! இதைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நீரஜா போய் அவர் தோளைத் தொட்டாள். படுக்கையிலிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது: "அழாதீங்கோன்னா. நான் விழுந்த இடத்துக்கு இன்னொரு பேர் யோசிக்காம இருந்தா சரி."

ஊர் திரும்பியதும் நீரஜா நேரே பரத்வாஜிடம் போய், அடுத்த பயணத்துக்கு முன் எல்லாப் பெயரையும் எடுத்துவிடவேண்டும் என்று சொன்னாள். நடந்ததை மறைக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனாள். "யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லிடு" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பரத்வாஜ் முழுவதையும் கேட்டானாம். பிறகு தலையாட்டினான். உவரி போயிற்று. முந்நீர் வற்றியது. ஆழி தூர்ந்தது. பியானோ ஹாலைச் சிப்பந்திகள் எல்லோரும் அதற்குள் பியானோ ஹால் என்றே அழைக்க ஆரம்பித்திருந்ததால் அதையே போர்டாகப் போட்டுவிட்டார்கள்.

பாவத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியிருந்தது. அசோக் நகரிலிருந்து ஒரு குடும்பம் போன் செய்து, "பாவத்துல எங்க பன்னெண்டு பேருக்கு ஜன்னல் ஓரமா இடம் கிடைக்குமா?" என்று கேட்டது. கப்பல் முதலாளி பார்த்தார். பௌவத்தின் எழுத்தைக் கொஞ்சம் திருத்தி, பாவம் என்றே பித்தளையில் அடித்துவிட்டார். அடுத்த கப்பலும் நீரஜாவுக்கே கிடைத்தது. அதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடுவதில்லை.

ஸ்ரீரங்கன் கொஞ்ச காலம் அடங்கியிருந்தார். எதிர்வீட்டுச் சந்திரமௌலி பேத்தி பிறந்த சந்தோஷத்தில் சர்க்கரை கொண்டுவந்து, என்ன பெயர் வைக்கலாம் என்று அவராகவே கேட்டபோது, "உங்களுக்குப் பிடிச்சதை வைங்கோ" என்றார். சந்திரமௌலி பயந்துபோய், சாருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் வந்து விசாரித்தார்.

ஆனால் இனம் இனம்தானே? போன வாரம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். பெஞ்சில் ஸ்ரீரங்கன், சுற்றிலும் நாலைந்து பேர். "பௌவம்னு எழுதினா ஜனங்க பாவம்னுதான் படிப்பா. அதெல்லாம் நேக்கு அப்பவே தெரியும். ஒரு பேர்னா ரெண்டு அடுக்கு இருக்கணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திரிகா மாமி, "பியானோ ஹால்ங்கற பேரும் இவர் வெச்சதுதான்" என்றார்.

ஸ்ரீரங்கனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் ஒரு பேராடி? அவசரத்துல வாயில வந்தது."

"அதைச் சொன்னப்பறம்தானே ஆள் வந்தா?" என்றார் மாமி. கையை ஊன்றி எழுந்து, அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நான் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த அழகான பெயரை வைத்தது யார்? உங்கள் மைத்துனர் அதை மாற்றியபோது, யாரிடமும் சொல்லாமல் திரும்ப மாற்றியது யார்? போகட்டும். உங்கள் அக்காவின் பேரனை வீடு முழுக்க ஒரு பெயரால் கூப்பிட, நீங்கள் மட்டும் இன்னமும் நீங்கள் சொன்ன பெயரால் கூப்பிடுகிறீர்களே, அந்தப் பிள்ளை என்றைக்காவது திரும்பிப் பார்த்திருக்கிறானா?